இரண்டாவது மேடு

என் அண்ணியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: என் கடையின் மூன்றாவது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். நான் பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் வைத்திருக்கிறேன். கீழே கடை, மாடியில் அண்ணனும் அண்ணியும் நானும் சேர்ந்து இருக்கும் வீடு. மூன்று நாற்காலிகளில் ஒன்று பழுது; உட்கார்ந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஆளை வரவழைத்துச் சரிசெய்கிறேன் என்று எப்போது சொன்னாலும், "வேணாம், எனக்கு இதுதான் வசதி" என்பாள். அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு, மணிக்கணக்காக எழுதுவாள். ஹேர் டிரையர் சத்தத்தில்தான் அவளுக்கு யோசனை ஓடுமாம். அமைதியான அறையில் தூக்கம் வந்துவிடுமாம். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் கண்ணாடி வழியாக அவளைப் பார்ப்பார்கள். "அவங்க யாருக்காகக் காத்திருக்காங்க?" என்று கிசுகிசுப்பார்கள். "எலக்ட்ரானுக்கு" என்பேன். அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

அண்ணி ஆராய்ச்சி நிறுவனத்தில் கோட்பாட்டு இயற்பியலாளர். அதாவது, எந்தக் கருவியையும் தொடமாட்டாள். வீட்டில் பல்பு மாற்றக்கூட என் அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும். பேப்பர், பேனா, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் அவள் தொழிற்சாலை. ஒரு பொருளைச் சும்மா வைத்தால் அது எப்படி இருக்கும் என்று சொல்வதற்கு உலகத்தில் ஆட்கள் நிறைய உண்டு. அண்ணிக்கு அதில் ஆர்வமே இல்லை. சும்மா இருப்பதைச் சீண்டினால் என்ன ஆகும் என்பதுதான் அவள் பிழைப்பு.

குவாண்டம் பொருள்கள் என்று சில படிகங்கள் இருக்கின்றனவாம். அவற்றுக்குள் எலக்ட்ரான்கள் தன்பாட்டுக்குத் திரியாமல், ஒன்றையொன்று பார்த்து ஒழுங்குக்கு வருமாம். அந்தப் படிகத்தின்மேல் லேசர் ஒளியால் ஒரு அடி. எவ்வளவு நேரம்? கண் சிமிட்டும் நேரத்தை லட்சம் கோடித் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. அந்த அடியில் பொருளின் சமநிலை குலைந்துவிடும். குலைந்த கணத்தில், சும்மா இருக்கும்போது ஒருநாளும் எடுக்காத ஒரு புது ஒழுங்கை அந்த எலக்ட்ரான்கள் எடுக்கும். அப்புறம் சூடு பரவி, எல்லாம் கலைந்து, பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

"சும்மா கெடக்குறதை எதுக்கு அண்ணி சீண்டணும்?" என்று ஒருநாள் ஒரு தலைக்கு டை போட்டுக்கொண்டே கேட்டேன்.

"சும்மா இருக்கறப்ப எல்லாரும் நல்லவங்கதான். சீண்டினாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும்" என்றாள். என்னை மேலும் கீழும் பார்த்து, "உன்னை மாதிரி" என்றாள். தலையில் டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் டை அவர் காதில் வழிந்துவிட்டது.

நிறுவனத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஒரு நிமிஷம்'. யார் எந்த முடிவைக் கொண்டுவந்து காட்டினாலும் அவள் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். மாணவர்கள் தாடி வளர்த்ததே அந்த ஒரு நிமிஷத்தில்தான் என்று அண்ணன் கேலி செய்வான்.

அண்ணன் அதே நிறுவனத்தில் அடித்தளத்தில் இருப்பவன். அவன் பரிசோதனைக்காரன், லேசரை வைத்து அடிப்பவன். மேல்மாடியில் இவள் கணக்குப் போடுவாள், தரைக்குக் கீழே அவன் அளந்து பார்ப்பான். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் கடைக்கு வராத கதையா? இவர்களுக்குள் சண்டை வந்தால் ஏதோ ஒரு கணக்கில் இரண்டால் பெருக்க வேண்டுமா, வேண்டாமா என்றுதான் வரும். அதற்கு ஒருமுறை ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். நடுவில் நான் தூது. "பெருக்க வேண்டாமாம்" என்று இங்கே சொல்வேன். "பெருக்கித்தான் ஆகணும்னு சொல்லு" என்று அங்கிருந்து வரும். எனக்கு வந்த எரிச்சலில் இரண்டு பேரையும் துடைப்பத்தால் பெருக்கியிருப்பேன்.

இந்த அண்ணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு கோடு. லேசர் அடித்ததும் அந்தப் புது ஒழுங்கு எவ்வளவு இருக்கிறது என்று வரைந்தால், கோடு சட்டென்று எழுந்து ஒரு மேடாகும். பிறகு இறங்கிப் படுத்துவிடும். எல்லாரும் எதிர்பார்ப்பது அதுதான். ஆனால் அண்ணியின் கணக்கில், படுத்த கோடு, யாரும் தொடாமல், இன்னொரு ஒளியும் படாமல், தானாக மறுபடியும் எழுந்தது. கலைந்துபோன ஒழுங்கு திரும்பி வருகிறது! பொருள் மறக்கவில்லை! அதற்கு 'இரண்டாவது மேடு' என்று பெயர் வைத்தாள். மற்ற இடங்களில் இருந்த கோட்பாட்டுக்காரர்களும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, அதே மேட்டைக் கண்டு, ஆஹா ஊஹூ என்றார்கள். அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது அந்த மேட்டால்தான்.

அண்ணன் அதைத் தேடப் புறப்பட்டான். வருடக்கணக்காகத் தேடினான். கணக்கில் சுலபமாக வந்த மேடு, படிகத்தில் வருவேனா என்றது. அவன் வேலை வருடாவருடம் நீட்டிக்கிற ஒப்பந்த வேலை. ஒவ்வொரு வருட முடிவிலும் அவன் முகம் சுருங்கிப்போகும்.

ஒரு பிற்பகல், கடையில் கூட்டம். கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் ஓடிவந்தான். கண்ணுக்குப் போடும் லேசர் கண்ணாடி கழுத்தில் தொங்குகிறது. ஆய்வகத்துக்குள் போடும் நீலக் கால் உறையைக்கூடக் கழற்றவில்லை. அதோடு பஸ் ஏறி, தெருவில் ஓடி வந்திருக்கிறான்.

"வந்துடுச்சு!" என்றான்.

அண்ணி மூன்றாவது நாற்காலியிலிருந்து எழுந்தாள். "ஒரு நிமிஷம்" என்று அவள் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. போய் அவனைக் கட்டிக்கொண்டாள், அத்தனை வாடிக்கையாளர் முன்னாலும். நான் கையில் கத்திரியோடு அழுதேன். பாதி வெட்டிய தலையோடு ஒரு பெண் கைதட்டினாள், என்னவென்றே தெரியாமல்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அண்ணனின் கட்டுரை ஏற்கப்பட்டது. நிறுவனத்தின் இயக்குநர் அவனைக் கூப்பிட்டு, லேசர் கூடத்துக்கு அவனையே நிரந்தரத் தலைவனாகப் போடப் பார்ப்பதாகச் சொன்னார். தேர்வுக் குழு வியாழக்கிழமை கூடும். இந்த முறை இல்லை என்றால் ஒப்பந்தத்தை மேலும் நீட்ட வழியில்லை. அடித்தளத்தைக் காலி செய்துவிட்டு வெளியே போக வேண்டியதுதான். ஆனால் மேடு இருக்கும்போது யார் பயப்படுவார்கள்? எனக்குப் புதுத் துணி எடுக்கும் அளவுக்குத் தைரியம் இருந்தது.

குழு கூடுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை. நான் சீப்புகளை ஊறவைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி அவள் நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு. நிறுவனத்துக்குப் புதிதாக வந்த பெரிய கணினியில், குழுவுக்கு அண்ணன் காட்ட வேண்டிய படத்தை இன்னும் சுத்தமாக வரைந்து தருகிறேன் என்று கிளம்பியிருந்தாள். புருஷனுக்குப் பரிசு மாதிரி. வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு.

பாட்டு நின்றது.

"ஒரு நிமிஷம்" என்றாள், யாரிடம் என்று தெரியவில்லை.

நான் சீப்பைக் கழுவி முடித்து, தரையைத் துடைத்து, காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அவள் அசையவே இல்லை. நாற்காலி கடைசி வரை இறங்கி, முழங்கால் மோவாயைத் தொடும் அளவுக்கு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன அண்ணி? உடம்பு சரியில்லையா?"

"மேடு நகந்துடுச்சு."

"நகந்தா என்ன? நகத்தி வெச்சுடுங்க."

அவள் சிரிக்கவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். கோடுகள். எனக்கு என்ன தெரியும்? அவளே சொல்ல ஆரம்பித்தாள், குரல் எங்கிருந்தோ வந்தது.

நிஜமான படிகத்தில் எண்ணி மாளாத அணுக்கள். கணினிக்குள் அத்தனையையும் போட முடியாது. ஒரே ஒரு அணு கூடினாலும் கணினியின் வேலை மடங்கு மடங்காக ஏறும். அதனால் கொஞ்சம் அணுக்களை மட்டும் வரிசையாக வைத்து, கடைசி அணுவை முதல் அணுவோடு சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுவார்களாம். ஓரம் என்று ஒன்று இல்லாமல் போகும். பெரிய படிகம் மாதிரியே நடந்துகொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

"சின்னப் பார்க் ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கோ. நீ பெஞ்சுல உக்காந்திருக்கே. ஒருத்தர் உன்னைத் தாண்டி நடந்து போறார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஒருத்தர் வர்றார். நீ என்ன நினைப்பே?"

"அதே ஆளு சுத்திக்கிட்டு வந்திருக்கார்னு."

"நான் புது ஆளு வந்திருக்கார்னு ஊருக்கே சொல்லிட்டேன்."

 இப்போது பெரிய கணினியில் வளையத்தைப் பெரிதாக்கினாளாம். மேடு தள்ளிப் போனது. இன்னும் பெரிதாக்கினாளாம், இன்னும் தள்ளிப் போனது. பார்க் பெரிதானால் ஆள் சுற்றி வர நேரமாகும் இல்லையா, அப்படி. அடித்த அடியின் அலைதான் வளையத்தைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறது. அதைத்தான் இத்தனை வருடமாக, பொருளின் ஞாபகம் என்று கொண்டாடியிருக்கிறார்கள். மற்றவர்களும் அதே அளவு வளையத்தை வைத்து அதே மேட்டைப் பார்த்தார்கள். பார்க்காமல் எப்படி இருப்பார்கள்?

"முன்னாடியே பார்த்திருக்க வேண்டாமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"பழைய மெஷின்ல ஒண்ணு ரெண்டு அணுதான் கூட்ட முடிஞ்சது. அப்பவே மேடு துளி நகந்துச்சு. நோண்டணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள உங்கண்ணன் ஓடி வந்து, வந்துடுச்சுன்னு..."

அவள் நிறுத்தினாள். எனக்கு அப்போதுதான் மூளையில் வெளிச்சம் வந்தது.

"ஒண்ணும் குடி முழுகிப் போகலையே!" என்றேன். "உங்க கணக்கு தப்புன்னா தப்பா இருந்துட்டுப் போகட்டும். அண்ணன்தான் நிஜமாவே பார்த்துட்டானே! அவன்கிட்ட வளையமும் இல்ல, பார்க்கும் இல்ல. கல்லு மாதிரி படிகம் இருக்கு."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நான் சொன்ன நேரத்துல, நான் சொன்ன உயரத்துல, அச்சு அசலா அவன் பார்த்திருக்கான். என் கணக்குல இருக்கறது பொய். அப்படின்னா, இல்லாத ஒண்ணை அவன் எப்படிப் பார்த்தான்?"

 என் காபி டம்ளரை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கை வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான் ஞாபகம்.

பிறகு என் வாய் சும்மா இருக்குமா? "வியாழக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. வேலை ஆர்டர் கைக்கு வரட்டும். அப்புறம் மேட்டையும் சொல்லுங்க, பள்ளத்தையும் சொல்லுங்க. நாலு நாள் தாங்காதா உங்க உண்மை?"

"ஒரு வழி இருக்கு" என்றாள் அவள், நான் பேசியதே காதில் விழாததுபோல. "நான் சொன்ன காரணம் தப்பா இருந்தும், வேற எதுனாலயோ நிஜமாவே ஒரு மேடு வரலாம். இயற்கைக்கு என் தயவு தேவையில்ல. அப்படி இருந்தா உங்கண்ணன் தப்பிச்சான். அதை அவன்கிட்ட கேட்டுட்டா போதும்."

அந்த ஒரு வழியை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணன் உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருந்தான். நாங்கள் இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். "மாமியார் மருமக சண்டை கேள்விப்பட்டிருக்கேன். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து மௌன விரதமா?" என்றான். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

திங்கட்கிழமை காலை அண்ணி நிறுவனத்துக்குக் கிளம்பினாள். காரை ஓட்டமாட்டேன் என்று சாவியை என்னிடம் கொடுத்தாள். அதனால்தான் நான் அந்த அடித்தளத்துக்குப் போக நேர்ந்தது. வாசலில் செருப்பின் தூசியைப் பிடுங்கிக்கொள்ளும் பசைப் பாய். கனமான கறுப்புத் திரை. உள்ளே ஒரு பெரிய இரும்பு மேசை. அதன்மேல் கட்டைவிரல் அளவு கண்ணாடிகள் வரிசையாக, திருகாணிகளில் நின்றன. தண்ணீர் சுற்றிக் குளிர்விக்கும் பெட்டி ஒன்று விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. என் கடையை நான் இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் வைத்ததில்லை. அண்ணன் திருகாணி ஒன்றை நகத்தின் நுனியால் தொடுவதுபோல் திருகிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. வளையம் பெரிதானதையும், மேடு நகர்ந்ததையும் அப்படியே சொன்னாள். "என் கணக்கு தப்பு. மொத்தமும் தப்பு."

 அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான். திடீரென்று சிரித்தான்!

"அட, இதுக்கா ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? இது இன்னும் பெரிசு! கோட்பாட்டால சொல்ல முடியாத ஒண்ணை நான் அளந்திருக்கேன்! உன் கணக்கு விழுந்தா விழட்டும், என் மேடு நிக்குதே!"

எனக்குக் கால் தரையில் பாவியது. நான் சொன்னேன் இல்லையா என்று அண்ணியின் விலாவில் ஒரு இடி இடித்தேன். அவள் அசையவில்லை.

"அந்தக் கோடு எத்தனையோ நாள் அளவீட்டோட சராசரிதானே?" என்று கேட்டாள்.

"ஆமா. சிக்னல் அவ்வளவு சன்னம். ஒருநாள்ல ஒண்ணும் தெரியாது."

"எல்லா நாளையும் சேர்த்தா?"

"கெட்ட நாளெல்லாம் எடுத்துட்டுத்தான். லேசர் நிலையா இல்லாத நாள், கண்ணாடி நகந்த நாள். எல்லாரும் எடுப்பாங்களே, அதுல என்ன?"

"எது கெட்ட நாள்னு எப்படி முடிவு பண்ணுவே?"

அண்ணன் யோசிக்கவே இல்லை. பல் தேய்க்கிற விஷயம் மாதிரி, சாதாரணமாகச் சொன்னான்: "மேடு வரலைன்னா லேசர் சரியில்லைன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டான். சொன்ன பிறகு, தான் சொன்னதை அவனே கேட்டான். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவன் முகம் மாறியது. திருகாணிமேல் இருந்த அவன் விரல் அப்படியே நின்றுவிட்டது. குளிர்விக்கும் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மேடு வந்த நாளை எல்லாம் நல்ல நாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறான். வராத நாளை எல்லாம் கெட்ட நாள் என்று தள்ளியிருக்கிறான். கோட்டில் சும்மா வரும் நடுக்கம் தற்செயலாக அங்கே கொஞ்சம் எழுந்த நாள்களாகப் பொறுக்கிச் சேர்த்தால் அங்கே மேடு வராமல் என்ன செய்யும்? ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. என் அண்ணனுக்கு ஒரு மிட்டாயைக்கூட ஒளித்து வைத்துத் தின்னத் தெரியாது. வராத நாளில் எல்லாம் மணிக்கணக்காகக் குனிந்து, தன் கண்ணாடிகளையும் திருகாணிகளையும் திட்டிக்கொண்டு, மறுபடி மறுபடி சரிசெய்திருக்கிறான்.

"எல்லாத்தையும் சேர்த்துப் போடு" என்றாள் அண்ணி, மெதுவாக.

அவனேதான் போட்டான். ஒதுக்கிய நாள்கள்தான் அதிகம் இருந்தன. திரையில் கோடு எழுந்தது. இறங்கியது. அப்படியே படுத்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தண்ணீர் தெளித்துத் துடைத்த தரை மாதிரி தட்டையாக ஓடியது.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். 

"ஒவ்வொரு நாளும் என் லேசரைச் சந்தேகப்பட்டேன்" என்றான் அண்ணன். "கண்ணாடியை, படிகத்தை, என் கையை, எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். உன்னைச் சந்தேகப்படணும்னு தோணவே இல்ல."

இதைக் கேட்டு எந்தப் பெண்டாட்டியும் உருகிப் போவாள் என்றுதான் நான் நினைத்தேன். என் அண்ணி கொதித்துப் போனாள். அவள் குரல் உயர்ந்து அதுவரை நான் கேட்டதில்லை.

"ஏன் தோணலை? உனக்கு அதுதானேடா வேலை! என்னைச் சந்தேகப்படறதுக்குத்தானே நீ கீழ உக்காந்திருக்கே!"

'டா'வைக் கேட்டு நான் விக்கித்துப் போய்விட்டேன். அண்ணன் தலை குனிந்தபடியே சொன்னான்: "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நான் சரின்னு நம்பினதே நீ பார்த்துட்டேன்னு சொன்னதாலதான்! மேடு நகந்ததை அன்னிக்கே பார்த்தேன். நோண்டியிருப்பேன். நீ வந்துடுச்சுன்னே. என் புருஷன் கண்ணால பார்த்ததுக்கு மேல நான் எதுக்கு நோண்டணும்னு விட்டேன். நீ என்னை நம்பியிருக்கே, நான் உன்னை நம்பியிருக்கேன். அந்தப் படிகத்தை யாருய்யா கேட்டது?"

சொல்லிவிட்டு, அங்கேயே, அந்தச் சுத்தமான தரையில், சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நான் அந்தக் கறுப்புத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தரை ஒருத்தர் நம்பாத தம்பதிகளால் உடைந்த வீடுகளை என் கடை நாற்காலியில் தினமும் பார்க்கிறேன். நம்பியதால் உடைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அன்றே இருவரும் எழுதிப் போட்டார்கள். குழுவிடம் நானே நேரில் சொல்கிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். "வலியப் போய்த் தண்டனை வாங்கிக்கணுமா? பைத்தியமா உனக்கு?" என்று அவனை உலுக்கினேன். "போய் நிக்கலைன்னா ஓடிட்டேன்னு ஆயிடும்" என்றான். அவன் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் அசைக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வியாழக்கிழமை, குழு கூடிய அறைக்கு வெளியே நீளமான நடைபாதை. நானும் அண்ணியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். தானும் உள்ளே வந்து சொல்கிறேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள், வழக்கமில்லை என்றார்கள். கதவுக்குப் பின்னால் அண்ணனின் குரல் சீராகக் கேட்டது. அப்புறம் வெகுநேரம் வேறு குரல்கள் கேட்டன.

முதலில் இயக்குநர்தான் வெளியே வந்தார். அண்ணியைப் பார்த்ததும் நின்று, தோளைத் தொடாத குறையாக அன்போடு சொன்னார்: "நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. கோட்பாட்டுல இந்த மாதிரி வர்றது சகஜம். நீங்களே கண்டுபிடிச்சுத் திருத்தினதை எல்லாரும் பாராட்டினாங்க. உங்க மேல எந்தக் குறையும் இல்ல."

"அவருக்கு?" என்றாள் அண்ணி.

"அது வேற. அளவீட்டைப் பொறுக்கி எடுத்தவர்கிட்ட ஒரு கூடத்தைக் கொடுக்க முடியாது. தெரியாம செஞ்சிருந்தாலும் முடியாது. உங்களுக்கே புரியும்."

 மேட்டைப் பெற்றவள் இவள். அதைத் தேடி முதுகு ஒடிந்தவன் அவன். இவளுக்குப் பாராட்டு, அவனுக்குக் கழுத்தில் கத்தியா? இது எந்த ஊர் நியாயம்? வாயைத் திறந்தேன். அண்ணி என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். இயக்குநர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவள் முகத்தில் பார்க்கச் சகிக்கவில்லை.

அண்ணன் வெளியே வந்தான். "போச்சு" என்றான். மூன்று பேரும் கார் நிறுத்துமிடம் வரைக்கும் நடந்தோம். நான்தான் ஓட்ட வேண்டும். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. பின்சீட்டில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். கண்ணாடியில் எனக்கு இரண்டு முகமும் தெரிந்தன.

"கோவமா?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்ல."

"வேலை போனதுக்கு வருத்தமாவது படு. என்னைத் திட்டு. எதையாவது சொல்லித் தொலை."

அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்:

"ஆனா அது எவ்வளவு அழகா இருந்துச்சு, இல்ல? எல்லாம் போனப்புறம், தானா திரும்பி வந்துச்சே."

அடித்தளத்திலும் அழாத, நடைபாதையிலும் அழாத என் அண்ணி, அப்போது உடைந்தாள். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல் அழுதாள். "ஆமா" என்றாள், "ஆமா, அழகா இருந்துச்சு" என்றாள், அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். அண்ணனும் அழுதான். வேலைக்காக அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். எனக்கு ஆயிரம் வார்த்தை தெரியும். உலகத்தில் ஒருநாளும் இல்லாத ஒன்று செத்துப் போனதற்கு அழுகிறவர்களிடம் என்ன சொல்வது? முன்சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நானும் அழுதேன்.